ஊர் முகத்துக்குச் சொன்ன விலை

காத்தான்குடி முப்லிஹாவுக்கு இங்கிலீசு அவ்வளவாக வராது. ஆனால் விலை கூடிவிட்டது என்பதை வெள்ளைக்காரர்கள் எத்தனை விதமாகச் சொல்வார்களோ அத்தனையும் தெரியும். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தை ஒட்டினாற்போல் அவளுடைய கைத்தறிக் கடை. ஆண்கள் உடுத்தும் சாரம், மேசை விரிப்பு, கடலில் குளித்துவிட்டு இடுப்பில் சுற்றிக்கொள்ளும் துணி, இவ்வளவுதான் சரக்கு. அவளைக் கட்டிய மாப்பிள்ளை நிஸ்தார் கட்டாரிலிருந்து முதுகு வலியோடு திரும்பிய பிறகு வீட்டில் அடுப்பு எரிவது இந்தக் கடையை நம்பித்தான்.

பள்ளிக்கூடத்தில் மாய்ந்து மாய்ந்து படித்த ‘எக்ஸ்பென்ஸிவ்’ அவள் கடையில் ஒரு நாளும் கேட்டதில்லை. ‘பிரைஸி’ என்று முகம் சுளித்தால் சுற்றிவிட்டுத் திரும்பி வருவார்கள். ‘அ பிட் ஸ்டீப்’ என்றால் துணியை மடித்துவைத்து, நன்றியும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு கையும் ஒரு காலும் கேட்கிறாய் என்று ஒருத்தி சொன்னபோது முப்லிஹா பயந்தே போனாள். பிறகு யோசித்தால், நாமும் ஆனை விலை குதிரை விலை என்கிறோம். அவர்கள் சொந்த உடம்பைக் கொடுக்கிறார்கள், நாம் மிருகங்களோடு நிறுத்திக்கொள்கிறோம். ‘டேலைட் ராபரி’ அச்சு அசல் நம் பகல்கொள்ளையேதான், அதைச் சிரித்துக்கொண்டும் சொல்வார்கள். ஏமாற்றிப் பிடுங்கிவிட்டாய் என்கிற ‘ரிப்-ஓஃப்’ மட்டும் சிரிப்பே இல்லாத சொல். அதே ஹோட்டலில் மணிமாலை விற்ற ஒருவரின் கடை அந்தச் சொல்லால்தான் காலியானது. “விலையப் பத்தி ஒரு முறைப்பாடு வந்தாலும் கடைய எடுத்திடுவன்” என்று மனேஜர் அவளுக்கும் சேர்த்தே சொல்லி வைத்திருந்தார்.

அதனால் வெள்ளைக்காரர்களுக்கு அவள் சொல்வது ஒரே விலை, நியாய விலை. அவர்களுக்கு விலை பேச வராது. நம்மவர்களுக்கு அப்படிச் சொன்னால் அதிலும் பாதிக்குக் கேட்பார்கள். ஆகவே முதலில் ஏற்றிச் சொல்லி, சண்டை பிடித்து, “உங்களுக்காக” என்று இறங்கி வர வேண்டும். இதில் பொய் ஒன்றுமில்லை. எங்கே போய் நிற்கும் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரியும்.

அஜந்தா வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஊர் நிறம், ஊர் மூக்கு, வாயைத் திறந்தால் “வணக்கம் அக்கா.” முப்லிஹாவின் வாய் தன்பாட்டில் ஊர் விலையைச் சொல்லிவிட்டது. இனி “என்னக்கா இது, நெருப்பு விலையா இரிக்கி” என்று வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. பிள்ளை தலையை ஆட்டிவிட்டு, லண்டன் வங்கிக் கார்டை நீட்டி, நீலக் கரைத் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். லண்டனில் பிறந்து வளர்ந்தவள் என்பது கார்டை வாங்கும்போதுதான் முப்லிஹாவுக்கு உறைத்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆசை யாரை விட்டது? இரட்டை விலை, மின்சார பில்லுக்கு ஆகும் என்று ஒரு கணம் சந்தோசப்பட்டும் விட்டாள்.

அந்தச் சந்தோசம் சூடு ஆறுவதற்குள் போனது. கூடத்தில் அஜந்தாவின் வெள்ளைக்காரப் புருசன், முந்தின நாள் அதே துணியை வாங்கிய ஒரு வெள்ளைக்காரக் கிழவியிடம் விலை விசாரித்துக்கொண்டிருந்தான். அவன் முகம் சிவந்தது. “ரிப்-ஓஃப்” என்றான். சிரிக்கவில்லை. நாலடி தள்ளி மனேஜர் நின்றார்.

ஒளிந்துகொள்ளலாமா என்றுகூட முப்லிஹா நினைத்தாள். பிறகு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, காசையும் எடுத்துக்கொண்டு நேரே அவர்களிடம் போனாள்.

“தங்கச்சி, நான் சொன்னது வாங்கிற விலை இல்ல, பேசுற விலை. நம்மட முகமா இரிக்கே எண்டு வாய் தவறிச் சொல்லிப்போட்டன். நீங்க பாதியில இருந்து கேட்டிருக்கணும். இந்தாங்க மிச்சம்.”

அஜந்தாவுக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அம்மா லண்டன் கடையளிலயும் இப்பிடித்தான் சண்டை போடுவா. எனக்கு வெக்கமா இருக்கும், நான் வெளிய ஓடிடுவன்.”

“ஓடினதாலதான் இப்ப ஏமாந்தீங்க. இப்பவாவது கேளுங்க.”

அஜந்தா நெஞ்சை நிமிர்த்தி, அவள் அம்மாவின் குரலாகத்தான் இருக்க வேண்டும், கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள்: “டேலைட் ராபரி!”

மனேஜர் வந்துவிட்டார். அவர் புருவம் போன போக்கை முப்லிஹா பார்த்தாள். முடிந்தது கதை, நிஸ்தாரிடம் என்ன சொல்வேன் என்றுதான் ஓடியது. புருசன்காரன் சமாளிக்க வாயெடுத்தான். மனேஜர் அவனைக் கையமர்த்திவிட்டு அவளைக் கேட்டார்.

“என்ன நடந்த?”

“கூட எடுத்திட்டன் சேர். திருப்பிக் குடுக்க வந்தன்.”

“இவங்க கேட்டு வந்தீங்களா?”

“இல்ல சேர். நானாத்தான்.”

அவர் அஜந்தாவைப் பார்த்தார். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். மனேஜர் பெருமூச்சு விட்டார்.

“அப்ப ஏன் இஞ்ச நிக்கிறீங்க? அங்க ஆக்கள் வந்து நிக்கிறாங்க. உங்கட கடையப் போய்ப் பாருங்க.”

உங்கட கடை. அல்ஹம்துலில்லாஹ் என்று முப்லிஹா வாய்விட்டே சொன்னாள். கடைக்குத் திரும்பி நாற்காலியில் விழுந்து, கண்ணைத் துடைக்கக்கூட நேரமில்லை, அஜந்தா பின்னாலேயே வந்து ஒரு மேசை விரிப்பைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு நின்றாள். நாலில் ஒரு பங்கு விலைக்குக் கேட்டாள், வெட்கமே இல்லாமல்.

முப்லிஹா சத்தம் போட்டாள், தலையில் கை வைத்தாள், நூல் விலை தெரியுமா என்றாள். பிறகு அஜந்தா கேட்ட அதே விலைக்குக் கொடுத்தாள். நட்டம்தான். அன்றைக்கு அவளுக்கு யாரிடமாவது தோற்க வேண்டும்போல் இருந்தது.