வெள்ளிப் பூண் போட்ட தடி

என் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் எந்த வீட்டுக்காரர்கள் என்று தெரிந்ததும், நீட்டப்போன காபித் தட்டை அப்படியே அடுக்களைக்குத் திருப்பி எடுத்துப் போய்விட்டேன். மகள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அம்மா, தட்டைக் கொண்டாம்மா. மானம் போவுது."

மகளுக்கும் அந்தப் பையனுக்கும் ஒரகடத்தில் ஒரே தொழிற்சாலையில் வேலை. பையன் நல்லவன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவனுடைய கொள்ளுத்தாத்தாவுக்கும் மேலே ஒரு தாத்தா இருந்தானே, அவன்தான் எனக்கு ஆகாதவன்.

எங்கள் சொந்த ஊர் வாலாஜாபாத் பக்கம், பாலாற்றை ஒட்டி. வெள்ளைக்காரக் கம்பெனி ஆண்ட காலத்தில் பையன் வீட்டார் அங்கே மணியக்காரர்கள், ஊரில் வரி தண்டிக் கொடுப்பவர்கள். நாங்கள் பயிர் வைத்தவர்கள். ஒரு வருடம் மழையே இல்லை. ஆற்றில் ஊற்று தோண்டினாலும் தண்ணீர் இல்லை. கம்பெனித் துரை வரியில் ஒரு காசு குறைக்கவில்லை. அவனுக்கு யுத்தச் செலவு இருந்தது, கப்பலும் காலியாகப் போகக் கூடாது. வயலில் எங்களிடம் பிடுங்கிய காசைத்தான் காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களிடம் கொடுத்துத் துணி வாங்கினான். நம் காசில் நம் துணி. அதற்கு வியாபாரம் என்று பெயர் வேறு.

எங்கள் குடும்பத்து மூத்தவர் வரி கட்டவில்லை. மணியக்காரன் அவர் கழுத்தையும் காலையும் கயிற்றால் இழுத்துக் கட்டி, உச்சிவெயிலில் குனிய வைத்து, முதுகில் ஒரு கல்லை ஏற்றினான். துரை கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் கல்லை இறக்கியபோது உயிர் இல்லை. அவருக்குப் பிள்ளை கிடையாது. அவர் தம்பிகளின் வழி வந்தவர்கள் நாங்கள். பாதி நிலம் ஏலத்தில் மணியக்காரன் வீட்டுக்கே போனது. அந்த வருடம் பாக்கியில்லாமல் வரி தண்டியதற்காகத் துரை அவனுக்கு வெள்ளிப் பூண் போட்ட ஒரு தடியைப் பரிசாகக் கொடுத்தான். இன்றைக்கும் அந்த வீட்டு மாப்பிள்ளை அழைப்பில் மாப்பிள்ளை கையில் அந்தத் தடி இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் காரில் ஊர்வலம் வருவான்.

எங்களிடம் மிஞ்சியது அந்தக் கல். வருடா வருடம் அக்னி நட்சத்திரத்தில் ஒரு நாள், குடும்பமே ஊருக்குப் போய், உச்சிவேளையில் அதைச் செருப்பால் அடித்துவிட்டு வந்து கூழ் குடிப்போம். நடக்கத் தெரியாத குழந்தையின் கையிலும் செருப்பைக் கொடுத்து அடிக்க வைப்போம். எனக்குத் தீபாவளி, பொங்கலைவிட அந்த நாள் பிடிக்கும். அடித்த பிறகு மனசு குளிரும்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு முடிவெல்லாம் என்னுடையதுதான். மகளுக்காகச் சம்மதித்தேன். நிச்சயமும் ஆனது, முகூர்த்தப் புடவை காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறியேறிவிட்டது. அதன் பிறகுதான் என் நிபந்தனையைச் சொன்னேன். அந்தக் கல்லை உங்கள் வாசலில் கொண்டுவந்து போடுவேன். உங்கள் பிள்ளை ஊர் பார்க்க அதைச் செருப்பால் அடிக்க வேண்டும். இல்லையென்றால் கல்யாணம் இல்லை.

மகள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். பையன் மட்டும், "சரி அத்தை" என்றான். அவன் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. தப்பு செய்த வீடு, வேறு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு ஒரே கொண்டாட்டம்.

குறித்த நாளில் குட்டியானை வண்டி பிடித்துக்கொண்டு ஊருக்குப் போனோம். நான், மகள், என் தம்பி. அவர்கள் தரப்பில் பையனும் அவன் அப்பாவும். தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லைப் பிடித்தான். அசையவில்லை. வண்டிக்காரர் கைகொடுத்தார். ஒரு பக்கம் லேசாக எழும்பி, மறுபடி மண்ணில் உட்கார்ந்தது. பையனும் சேர்ந்தான். மூன்று ஆண்பிள்ளைகளும் முக்கி முழங்கால் உயரம் தூக்கினார்கள், அதற்கு மேல் முடியவில்லை. பையனின் அப்பா சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து நாலாவது ஆளாகப் பிடித்த பிறகுதான் கல் இடுப்புக்கு வந்தது.

அத்தனை வருடம் அதைக் கிடந்த இடத்திலேயே அடித்திருக்கிறோம். எங்களில் ஒருவர்கூட அதைத் தூக்கிப் பார்த்ததில்லை.

"இறக்குங்க" என்றேன். "சம்பந்தி, இதை ஒரு ஆளு எப்படித் தூக்கி முதுவுல வெச்சான்?"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "எங்க ஆளு கட்ட சொன்னான், வைக்க சொன்னான். அது பொய்யில்லம்மா. தூக்கினது உங்க மூத்தவரோட தம்பிங்க. அவரு கட்டலன்னா அந்தப் பாக்கி அவுங்க தலையில ஏறும்னு துரை சொல்லிட்டான். எங்க வூட்டுல இத சொல்லிக்கினுதான் இருந்தாங்க. நான் சொன்னா நீங்க நம்புவீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன். அவர் வாயிலேயே அடித்திருப்பேன். என் தம்பி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கல் அழுத்தித் தோல் சிவந்திருந்தது. அவனைப் பார்க்க முடியாமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆனாலும் கோபம் இறங்கவில்லை. அண்ணனைத் தம்பி கையாலேயே கொல்ல வைத்துவிட்டு, கையில் மண் படாமல் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தவனை நினைத்தேன். அவன் தன் ஊருக்குத் திரும்பி, வயசாகி, கட்டிலில் நிம்மதியாகச் செத்திருப்பான். இத்தனை தலைமுறைச் செருப்படியில் ஒன்றுகூட அவன் மேல் விழவில்லை.

"கல்லு இங்கியே கெடக்கட்டும், அது நம்ம கை தூக்கினது" என்றேன். "அவன் கையால குடுத்தது அந்தத் தடிதான். எனக்கு அது வேணும்."

சம்பந்தியின் முகம் செத்துப்போனது. தன் கல்யாணத்தில் அவரும் அதைப் பிடித்து வந்தவர். "அது எங்க வூட்டு கௌரவம்மா" என்றார்.

"குட்த்துடலாம்ப்பா" என்றான் பையன்.

மறுநாள் அவனே தடியைக் கொண்டுவந்து கொடுத்தான். வெள்ளிப் பூணைக் கழற்றி ஆசாரியிடம் கொடுத்து உருக்கினேன். மரத்தைக் கல்யாணச் சமையலுக்கு அடுப்பில் வைக்கச் சொன்னேன். துரை கொடுத்த தடியில் வெந்த சோற்றை இரண்டு வீடும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். இரண்டாம் தரம் ரசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மாப்பிள்ளை வெறுங்கையோடு ஊர்வலம் வந்தான். மகள் அம்மி மிதித்தபோது அவள் கால்விரலில் அவன் போட்ட மெட்டி, அந்த வெள்ளிதான்.

இந்த அக்னி நட்சத்திரத்துக்கும் ஊருக்குப் போனோம். கல்லை அடிக்க யாருக்கும் கை வரவில்லை. அதன் மேல் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பினோம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வரப்பில் முன்னால் நடந்த மகள், சட்டென்று நின்று காலைத் தூக்கினாள்.

"மெட்டி சுடுதும்மா."

"சுடட்டும். நல்லா அழுத்தி மிதிச்சு நட" என்றேன்.