மூஸா பாயின் துப்பாக்கிகள்

சவுதியில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டு 1998இல் குடவாசலுக்குத் திரும்பிய மூஸா பாய், எல்லாரையும் போல டேப்ரெக்கார்டரும் சென்ட்டும் கொண்டுவந்தார். கூடவே ஓர் ஏர்கன்னும் வந்தது. அவர் கொல்லையில் போட்டிருந்த மரவள்ளியை ஒரு பெருச்சாளி தோண்டித் தின்றுகொண்டிருந்தது. முதல் மாலையே குறிபார்த்துச் சுட்டார். பெருச்சாளி நிதானமாகப் புதருக்குள் போனது. பக்கத்து வீட்டு ரெத்தினத்தின் பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து தண்ணீர் பீய்ச்சியது.

“குறிபார்க்குற சைட்டு கோணல். கடைக்காரன் சைனா சரக்கை என் தலையில கட்டிட்டான்” என்று சொல்லிப் புதுத் தொட்டி வாங்கிக் கொடுத்தார் பாய்.

“ஒரு டப்பாவை வச்சுச் சுட்டுப் பழகிப் பாருங்களேன்” என்றார் மனைவி ஜன்னத் பீவி.

“டப்பாவைச் சுடவா பிளேன்ல ஏத்திக் கொண்டாந்தேன்?”

துபாயிலிருந்த மைத்துனர் ஜாபிர் அடுத்த லீவில் தொலைநோக்கி பொருத்திய ஜெர்மன் துப்பாக்கி கொண்டுவந்தார். பாய் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பெருச்சாளி வந்தது. சுட்டார். புதுத் தொட்டியும் ஒழுகியது.

ரெத்தினம் வேலியோரம் வந்து நின்றார். “பாய், சைனாவும் ஜெர்மனியும் ஒரே எடத்துலதான் சுடுது. துப்பாக்கிமேல குத்தம் இல்லன்னு தோணுதுங்க.”

பாய்க்கு அன்று சோறு இறங்கவில்லை. விடிந்ததும் எஸ்டிடி பூத்துக்குப் போய் துபாய்க்குப் பேசினார். “மச்சான், அந்தத் தொலைநோக்கியில ஏதோ கோளாறு. வேற நல்லதாப் பாரு.”

அவர் வீடு திரும்புவதற்குள், ரெத்தினம் ஆள் வைத்துத் தொட்டியைத் தன் வீட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றியிருந்தார்.