இன்னைக்கு மட்டும் மிஸ்

வகுப்புக்குள் நுழைந்தால், வணக்கம் வாங்கிக்கொள்வதற்கு முன்பே அவர் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவார். அங்கே ஒரு கணக்கு நோட்டை வாங்கி, நின்றபடியே நாலு பக்கம் பின்னோக்கிப் புரட்டுவார். "முதல் பெஞ்சு நோட்ல எல்லாம் ரைட்டா இருக்கும். என்ன புரியலங்கிறது இங்கதான் தெரியும்" என்பார்.

பிள்ளைகள் இவருக்கு வைத்த பெயர் 'இன்னைக்கு மட்டும் மிஸ்'. எந்த ஆசிரியராவது விடுப்பு போட்டால், அவருக்குப் பதிலாக வரச்சொல்லி காலை ஏழு மணிக்கு இவருக்கு போன் வரும். எந்த வகுப்பு, என்ன பாடம் என்பதெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான். கைப்பையில் சொந்த சாக்பீஸ், சொந்த டஸ்டர்; அலமாரிச் சாவியை இவரிடம் யார் தரப்போகிறார்கள்? ஆசிரியர் அறையில் எந்த நாற்காலியை இழுத்தாலும் "அது அவங்க இடம்" என்று ஒரு குரல் கேட்கும். ஜன்னலோரம் நின்றே டீ குடித்துப் பழகிவிட்டார். தலைமை ஆசிரியர் வேறு, "பாடமெல்லாம் வேணாம்மா, சத்தம் வராம பாத்துக்கிட்டா போதும்" என்பார். அங்கேதான் இவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "நான் என்ன வாட்ச்மேனா?" என்று வீட்டுக்குப் போய்க் கணவரிடம் பொரிந்துதள்ளுவார். பாவம், அவர் என்ன செய்வார்.

நோட்டைப் புரட்டும் பழக்கம் ஒருமுறை சூடுபட்ட பிறகு வந்தது. ஏழாம் வகுப்பில் பின்னங்களைக் கூட்ட ஏற்கெனவே ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது தெரியாமல் இவர் வேறொரு வழியைச் சொல்லிக்கொடுத்துவிட்டார். பிள்ளைகள் குழம்பிப்போனார்கள். மறுநாள் கணக்கு டீச்சர், "யாரு இப்படிச் சொல்லிக் குடுத்தது? கோடு போட்டு அடிங்க எல்லாத்தையும்" என்று சத்தம்போட்டது, பக்கத்து வகுப்பில் நின்ற இவர் காதில் அப்படியே விழுந்தது. எதுவரை நடத்தியிருக்கிறேன் என்று ஒரு வரி எழுதிவைக்க அந்த அம்மாளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அன்றிலிருந்து, என்ன நடத்தினேன், யாருக்கு எது புரியவில்லை என்று ஒரு சீட்டு எழுதி, மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுத்தான் கிளம்புவார். எல்லாம் கிணற்றில் போட்ட கல். "இந்த வருஷத்தோட விட்டுடறேங்க, என்னை யாரும் டீச்சரா நினைக்கல" என்று கணவரிடம் சொல்லியும் விட்டார்.

போன வாரம் அதே கணக்கு டீச்சருக்கு ஆபரேஷன், ஒரு மாத விடுப்பு. அதற்கு முதல் நாளே இவரை வரச்சொல்லி, வகுப்பில் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். போர்டில் போட்டுக்கொண்டிருந்த கணக்கைப் பாதியில் நிறுத்தினார். "மிஸ் எழுதின சீட்டெல்லாம் என்கிட்டதான் இருக்கு. உங்கள்ல யாருக்கு எங்க இடிக்குதுன்னு அதைப் படிச்சுத்தான் எனக்கே தெரிஞ்சுது. மீதியை மிஸ் போடுவாங்க" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி, சாக்பீஸை நீட்டினார்.

"நீங்க இருக்கும்போது நானா மிஸ்?" என்றபடி இவர் சாக்பீஸை வாங்கிக்கொண்டார்.

கணக்கு டீச்சர் பிள்ளைகள் பக்கம் போனார். "கொஞ்சம் தள்ளிக்கோம்மா" என்று ஒரு சிறுமியை நகர்த்தி, அந்தக் குட்டி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

இவர் கணக்கை முடித்துத் திரும்பினார். "யாருக்காவது புரியலையா?"

ஒரு கையும் எழவில்லை. கணக்கு டீச்சர் கையைத் தூக்கினார். அதைப் பார்த்து, ஒன்று இரண்டாக, இன்னும் ஏழு கைகள் எழுந்தன.