அம்மிணிக்குப் பார்த்த வரன்

என் மாமனாருக்குச் சேலத்திலிருந்து ராசிபுரம் போகிற வழியில் நிலம் இருந்தது. நிலம் இருந்ததால் வழக்கும் இருந்தது. அப்படி ஒரு வழக்கில் சென்னையில் தோற்றுவிட்டு, மனம் ஆறக் கிண்டிக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போனார். அங்கே ஒரு பெண்குதிரை கடைசித் திருப்பம் வரைக்கும் யாருக்கோ துணைக்கு வந்ததுபோல எல்லாருக்கும் பின்னால் வந்தது. திருப்பம் கழிந்ததும் முன்னால் போன அத்தனை குதிரைகளும் நின்றுவிட்டனவோ என்று தோன்றும்படி தாண்டிப் போயிற்று.

அதற்குப் பிறகு கிண்டி, ஊட்டி என்று அது ஓடிய இடமெல்லாம் இவரும் போனார். அது கோப்பை கோப்பையாக ஜெயித்தது. முன்னங்கால் நரம்பு வீங்கி ஓட்டம் நின்ற வருஷம், அதை வாங்கி ரயிலேற்றிச் சேலத்தில் இறக்கினார். இங்கிலீஷ்ப் பெயர் வாயில் நுழையாததால் அம்மிணி என்று கூப்பிட்டார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: அம்மிணியின் குட்டி அதே மாதிரி ஓடுவதைக் கண் மூடுவதற்குள் பார்த்துவிட வேண்டும்.

ஓசூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் சீமையிலிருந்து வந்த பொலிகுதிரை இருந்தது. கிண்டியிலிருந்து அம்மிணியோடு வந்த குதிரைக்காரர், அதை விட்டால் வேறு இல்லை என்றார். ஆனால் எங்கள் பக்கத்தில் குதிரை என்றால் முதலில் உடம்பில் மயிர்ச் சுழி பார்ப்பார்கள். பி.ஏ. படித்த மாப்பிள்ளை என்ற முறையில் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் அதற்கு முன் பார்த்த சுழியெல்லாம் தமிழ் எழுத்தில் வருவதுதான். ஆனாலும் அசுவ சாஸ்திரப் புத்தகம் ஒன்றை வாங்கி, ஓசூருக்கே எடுத்துப் போய், பொலிகுதிரையின் இடது கண்ணுக்குக் கீழே கண்ணீர்ச் சுழி இருப்பதைக் கண்டுபிடித்தேன். உடையவன் வீட்டில் அழுகை ஓயாது என்று சத்தமாகப் படித்தும் காட்டினேன். சுழி சுத்தமான குதிரை வாழப்பாடியில் இருந்தது. கல்யாணங்களில் மாப்பிள்ளை ஏறி வருகிற குதிரை. என்னையும் சுமந்திருக்கிறது.

"ஏனுங்க, அது மேளத்துக்கு நடக்கற குதிரைங்க" என்றார் குதிரைக்காரர். நான் ஒரு செய்யுளைச் சொன்னேன். அவர் அம்மிணியை வாழப்பாடிக்கு ஓட்டிப் போனார்.

மூன்றாவது வருஷம்தான் அம்மிணிக்குச் சினை பிடித்தது. ஆண்குட்டி. ஒரு சுழிகூடத் தப்பான இடத்தில் இல்லை. ஊரே வந்து பார்த்தது.

குட்டிக்கு இரண்டரை வயதான சித்திரையில், பனமரத்துப்பட்டி ஏரி வற்றி வண்டல் இறுகிக் கிடந்தபோது, ஓடவிட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. சேலத்திலிருந்து இரண்டு ஜட்கா குதிரைகளைப் போட்டிக்கு வரவழைத்தோம். தாய் இல்லாமல் குட்டி நகராது என்பதால் அம்மிணியும் வந்தது. அதன் கயிறு என் கையில்.

மாமனார் துண்டை வீசினார். ஜட்கா குதிரைகள் பறந்தன. குட்டி கழுத்தை வளைத்து, ஒரு காலைத் தூக்கி நிதானமாக வைத்து, அடுத்ததைத் தூக்கியது. நாதஸ்வரம் ஒன்றுதான் குறை. முதுகில் இருந்த குதிரைக்காரர் கெஞ்சினார், அதட்டினார். அது நடந்தது.

அப்போது என் உள்ளங்கைத் தோலோடு கயிறு போயிற்று. நரம்பு வீங்கிய காலோடு, தொங்கிய வயிற்றோடு, அம்மிணி ஏரிக்குள் இறங்கியது. முதலில் வெகு பின்னால். கரை வளைகிற இடம் தாண்டியதும் இரண்டு ஜட்கா குதிரைகளும் நின்றுபோன மாதிரி இருந்தது.

"ஓடறா பாருங்க மாப்ளே" என்றார் மாமனார், மெதுவாக. "ஓடறா."

திரும்பி வரும்போது அம்மிணி நொண்டியது. நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். புத்தகத்தில் அச்சுப்பிழை இருக்கக்கூடும் என்றேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதை நினைத்தால் காது சூடாகிறது. நல்லவேளை, அது மாமனார் காதில் விழவில்லை. துண்டை ஏரியில் மிச்சமிருந்த தண்ணீரில் நனைத்து அதன் காலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அடுத்த வருஷம் ஓசூருக்கே கொண்டுபோலாமுங்க" என்றார் குதிரைக்காரர்.

"வேண்டாமுங்க. வயசாயிருச்சு. பாத்தாச்சு" என்றார் மாமனார்.

வண்டி காத்திருந்தது. அவர் ஏறவில்லை. கயிற்றைப் பிடித்து, "வா சாமி, ஊட்டுக்குப் போலாம்" என்று அதன் நடைக்கு நடந்தார். குட்டியை நான் கூட்டி வந்தேன். வீடு சேர வெகுநேரம் ஆயிற்று.