தகரக் கொட்டகையில் கேட்ட குரல்

என் அப்பாவுக்குப் பெரிய குரல். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் மாதா பிரார்த்தனையை அவர்தான் முன்னால் நின்று சொல்லுவார். கடைசி வாங்கில் தூங்கி வழிகிற கிழவர்கூட அந்தக் குரலைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவார். என் கண்ணைக் கட்டிச் சந்தைக்குள் விட்டாலும் அந்தக் குரலை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துவிடுவேன். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பிறகு யாரும் வந்து, நீ சரியாகத்தான் கேட்டாயா என்று என்னிடம் கேட்கக்கூடாது.

அப்பா பன்விலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். கத்தோலிக்கச் சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்து, கண்டி டவுனில் வெள்ளைக்காரத் துரை ஒருவரின் தேயிலைக் கந்தோரில் கிளாக்கராக வந்து சேர்ந்தார். கோட்டும் சப்பாத்தும் இல்லாமல் தெருவில் இறங்கமாட்டார். யாராவது தன்னைத் தோட்டக்காட்டான் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அவரை விட்டுப் போனதே இல்லை. வீட்டில் நாங்கள் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் போதும், "இது என்ன லயமா?" என்று கேட்பார். அதோடு சிரிப்பு நின்றுவிடும்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தேன், கோயிலில் பாடினேன். ஆனால் நான் ஆசைப்பட்டுப் படித்த பாட்டு கோயில் பாட்டு அல்ல. கடைத்தெருவில் அக்குறணை ஊர்க்காரர் ஒருவரின் கடை இருந்தது. முன்பக்கம் துணி, பின்பக்கம் கிராமபோன் பெட்டிகள். அங்கே ஒரு இசைத்தட்டை எப்போதும் போட்டுக்கொண்டிருப்பார்கள். அரசன் சந்தேகப்பட்டு விரட்டிவிட்ட ராணி, காட்டில் மரத்தடியில் கைப்பிள்ளையைத் தூங்கவைக்கிற பாட்டு. பாடியது இந்தியாவில் நாடகக் கம்பெனி ஒன்றில் ராணி வேஷம் போடுகிற ஒரு அம்மா. என் அம்மாவோடு துணி எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பாட்டைக் கேட்டுக் கேட்டு, எனக்கு அது முழுக்கப் பாடமாகிவிட்டது.

ஒருநாள் தட்டு பாதியில் கீறி நின்றுவிட்டது. மிச்சப் பாட்டை நான் பாடிக்கொண்டே நின்றேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்ப்பதைக் கண்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. கடை முதலாளி அந்த வாரமே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"கிளாக்கர் ஐயா, ஒங்கட மகள்ட கொரல் லேசுப்பட்ட கொரல் இல்ல. கொழும்புக்கு பாட்டுப் பிளேட் எடுக்க ஆக்கள் வாராங்க. நானே கூட்டிட்டுப் போறன். ஒங்கட பொஞ்சாதியும் கூட வரட்டும். ஒரு கொறையும் வராது."

அப்பா உடனே மாட்டேன் என்று சொல்லவில்லை. உள்ளுக்குள் அவருக்குச் சந்தோஷம்தான். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் இரண்டு மூன்று பேரிடம், என் மகளைக் கொழும்புக்குக் கூப்பிடுகிறார்கள் என்று அவரே சொன்னதை நான் கேட்டேன். ஆனால் வீட்டில் வேறு மாதிரிப் பேசினார். அந்த இசைத்தட்டு அம்மாவே கம்பெனியோடு கண்டிக்கு வரப்போகிறார் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

"அந்தம்மாவ ஒருதடவ பாத்துட்டு முடிவு சொல்றேன்," என்றார். "பாடுறவங்க பொழப்பு எப்படின்னு கண்ணால பாக்கணும்ல?"

ஆக, நான் கொழும்புக்குப் போவதும் போகாததும் ஒரு நாடகத்தின் கையில் இருந்தது. நாடகம் நன்றாக நடக்கவேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தியவள் கண்டியிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நோட்டீஸ் ரோஸ் கடதாசியில் இருந்தது. மாட்டு வண்டியில் மேளம் அடித்துக்கொண்டு தெருத் தெருவாக எறிந்துகொண்டு போனார்கள். கடல் பொங்கும் காட்சி, மேடையில் உண்மையான குதிரை, ஆகாயத்திலிருந்து இறங்கும் தேவர்கள், கண்ணைப் பறிக்கும் பட்டுப் படுதாக்கள் என்று மூச்சு முட்டப் போட்டிருந்தார்கள். நடுவில் அந்த அம்மாவின் படம். மூக்குத்தியும் நெற்றிச்சுட்டியுமாக இருபது வயதுப் பெண் மாதிரி இருந்தார். அந்தப் படத்தைக் கிழித்து என் பைபிளுக்குள் வைத்துக்கொண்டேன்.

தோட்டத்துச் சனங்கள் விடிந்தால் வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டுக்கு நிற்கவேண்டும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு ஆட்டம் வைத்திருந்தார்கள். கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில்தான் நாடகம். முன்னால் கதிரைகள், அதற்குப் பின்னால் வாங்குகள், கடைசியில் வெறும் தரை. அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு கதிரையில் போய் உட்கார்ந்தார். பெண்களுக்கு ஒரு ஓரமாகக் கயிறு கட்டி வேட்டி தொங்கவிட்டிருந்தார்கள். அம்மாவும் நானும் அந்தப் பக்கம். தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் காலையிலேயே மலையிலிருந்து இறங்கி நடந்து வந்தவர்கள். புதுச் சேலையும் புது வேட்டியும் முழங்கால்வரை சேறாக இருந்தன.

ஆட்டம் தொடங்கும்போதே மழையும் தொடங்கியது. கண்டி மழையைத் தகரத்துக்குக் கீழே இருந்து கேட்டவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ராஜா வந்து வாயை வாயை அசைத்தார், ஒரு எழுத்து கேட்கவில்லை. அரண்மனைக் காட்சிக்குப் பின்னால் கடல் படுதா தொங்கியது. மற்றப் படுதாக்கள் எல்லாம் நனைந்து போயிருந்தனவாம். கம்பெனியில் பாதிப் பேரை இந்தியக் கரையில் மண்டபம் காம்பில் நோய்ச் சோதனைக்காக மறித்துவிட்டார்கள் என்று கடை முதலாளி பிறகு சொன்னார். அதனால் மந்திரியாக வந்தவரே காவல்காரனாக வந்தார், அவரே பிறகு முனிவராகவும் வந்தார். மூன்று தடவையும் அதே செருப்பு. குதிரை வரவில்லை. தேவர்கள் இறங்கவில்லை. சனங்கள் கொஞ்ச நேரம் சிரித்தார்கள், பிறகு சிரிக்கவும் அலுத்துப்போய்க் கத்தத் தொடங்கினார்கள்.

படுதா எப்படிப் போனால் என்ன, ராணி பாடட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன்.

ராணி வந்தார். நோட்டீஸ் படத்தில் இருந்தவருக்குத் தாய் என்று சொல்லலாம். முகத்தில் பூசிய பவுடர் வேர்வையில் கோடு கோடாக இறங்கியிருந்தது. பகல் வேளை, அத்தனை கேஸ் விளக்குச் சூடு, அதிலும் அவர் தோளைச் சுற்றிக் கம்பளி போர்த்தியிருந்தார். "காய்ச்சக்காரி மாதிரி இருக்காளே," என்று அம்மா என் காதில் சொன்னார். துணிப் பொம்மையைப் பிள்ளையாக மடியில் போட்டுக்கொண்டு, அட்டையில் வெட்டி நிறுத்திய மரத்தைப் பிடித்தபடி நின்றார். பெட்டிக்காரர் ஆர்மோனியத்தில் சுருதி பிடித்தார்.

பாடினார். மழைச் சத்தத்துக்குள்ளும் அது கேட்டது. இசைத்தட்டில் நான் கேட்டதெல்லாம் பாட்டின் எலும்புதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிள்ளை தூங்கிவிட்டதா என்று குனிந்து பார்க்கிற இடத்தில் குரலை அப்படியே தாழ்த்தி ஒரு மூச்சாக விட்டார். தரையில் இருந்த சனம்கூட அசையாமல் இருந்தது. நான் அழுதேன். அத்தனை பொய்ச் சாமானுக்கு நடுவே அது ஒன்றுதான் உண்மையாக இருந்தது.

பாட்டு முடிந்ததும் "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார்கள். அது நாடக வழக்கம். நல்ல பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்பார்கள், பாடுகிறவரும் சந்தோஷமாகத் திரும்பப் பாடுவார். அந்த அம்மா பெட்டிக்காரரைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணால் சொன்ன மாதிரித்தான் எனக்குத் தெரிந்தது. பெட்டிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு துருத்தியை அமுக்கத் தொடங்கினார். அந்த அம்மா இரண்டாம் தரம் பாடினார். மேல் கட்டைக்குப் போகவேண்டிய இடங்களுக்குப் போகவில்லை. நடுவில் இருமல் வந்தது, அதை விழுங்கிவிட்டுப் பாடி முடித்தார்.

மறுபடியும் "ஒன்ஸ்மோர்!" இந்தத் தடவை அது பாட்டுக்காகக் கேட்டது அல்ல. குதிரைக்கும் கடலுக்கும் தேவர்களுக்கும் சேர்த்து அந்த ஒரு மனுஷியிடம் பிடுங்கிவிடலாம் என்று கேட்டது. விசில் அடித்தார்கள், கதிரைகளைத் தட்டினார்கள். அந்த அம்மா கும்பிட்டார். கும்பிட்டதைப் பார்த்து இன்னும் கத்தினார்கள்.

அப்போது பார்த்து மழை விட்டது. அது விடாமல் இருந்திருந்தால் என் வாழ்க்கையில் ஒரு விஷயம் எனக்குத் தெரியாமலே போயிருக்கும். தகரம் ஓய்ந்ததும் முன் கதிரைகளிலிருந்து ஒரு குரல் தனியாகக் கேட்டது. "பாடு! பாடு! ஒன்ஸ்மோர்!" ஞாயிற்றுக்கிழமை தோறும் மாதாவைக் கூப்பிடுகிற குரல்.

வேட்டி மறைப்பால் எனக்கு அவர் முகம் தெரியவில்லை. தெரியவேண்டிய தேவையும் இல்லை. என் அம்மாவுக்கும் கேட்டது. முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தார். நான் எழும்பப் போனேன். "சும்மா இரு," என்று என் கையைப் பிடித்து அழுத்தினார்.

மூன்றாம் தரம் அந்த அம்மாவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பெட்டிக்காரர்தான் ஆம்பிளைக் குரலில் தாலாட்டைப் பாடினார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த அம்மா மரத்தில் சாய்ந்தார், அட்டை மரம் அவரைத் தாங்குமா? மரமும் அவரும் பிள்ளைப் பொம்மையும் ஒன்றாக விழுந்தார்கள். பெண்கள் பக்கமும் சிரித்தது. திரையை இழுத்தார்கள். பபூன் வந்து ஏதோ ஆடினான், யாரும் பார்க்கவில்லை. ஆட்டம் அதோடு முடிந்துவிட்டது.

வாவிக்கரை வழியாக வீட்டுக்கு நடந்தோம். அப்பா முன்னால், நாங்கள் பின்னால். பாதி வழியில் அப்பா நின்று திரும்பினார்.

"பாத்தியா, அந்த ஆம்பளைங்க கத்துன கத்த? அப்பேர்ப்பட்ட கூட்டத்துக்கு முன்னால என் மகள நிறுத்தமாட்டேன். கொழும்பும் வேணாம், பிளேட்டும் வேணாம்."

அதுவரை நான் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"நீங்களும் கத்துனீங்களே அப்பா."

அப்பா கோபப்படுவார், அடிப்பார் என்றுகூட நினைத்தேன். அவர் இரண்டும் செய்யவில்லை. கந்தோரில் கணக்கை விளக்குகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"ஆமா, கத்துனேன். காசு குடுத்துப் பாக்க வந்தவன் கத்தத்தான் செய்வான். அதத்தான் நானும் சொல்றேன்."

அந்தக் கணக்கை இத்தனை வருஷமாகத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு எரிந்த எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கிறது. ஊர் ஆண்களிடமிருந்து என்னைக் காப்பாற்ற ஒருவர் இருந்தார், அவரும் அந்த ஊர் ஆண்களில் ஒருவராக இருந்தார். நான் யாரிடம் போய்ச் சொல்வது?

கடை முதலாளி ஒருதரம் வந்து பேசிப் பார்த்தார். அப்பா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, மரியாதையாக மறுத்து அனுப்பினார். "சரி ஐயா, ஒங்கட புள்ள, ஒங்கட முடிவு," என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு நான் கடைக்குள் போனால் அந்த இசைத்தட்டைப் போடமாட்டார், ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிடுவார். அந்த மனுஷன் எனக்குச் செய்த உபகாரம் அது. கம்பெனி மாத்தளைப் பக்கம் போனது என்றார்கள். அந்த அம்மா என்ன ஆனார் என்று கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை.

"அந்தக் கூத்துப் பாட்டு இந்த வீட்டுல வேணாம்," என்று அப்பா உத்தரவு போட்டார். கோயிலில் மட்டும் பாடலாம். கோயிலிலும் என் வாய் பாடியதே தவிர நான் பாடவில்லை. பிறகு பேராதனையில் ரயில் வேலை பார்க்கிற ஒருவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். பாட்டு என்றால் என்னவென்றே தெரியாத நல்ல மனிதர்.

மலேரியா ஊர் ஊராக வாரிக்கொண்டு போன வருஷம் அப்பாவும் விழுந்தார். எந்தத் தெருவில் பார்த்தாலும் கொயினா மருந்து வாசனையும் அழுகையுமாக இருந்த காலம். அம்மாவுக்கும் காய்ச்சல் என்பதால் நான் வந்து பக்கத்தில் இருந்தேன். நடுங்கும், வேர்க்கும், தெளியும், மறுபடி நடுங்கும். அந்தப் பெரிய குரல் தேய்ந்து தேய்ந்து, குனிந்து காதைக் கொடுத்தால்தான் கேட்கும் என்று ஆகிவிட்டது.

காய்ச்சல் கொஞ்சம் விட்டிருந்த ஒரு மத்தியானம் என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"அந்தக் காட்டுப் பாட்டு," என்றார். "தாலாட்டு. ஞாபகம் இருக்கா?"

இருக்கிறதா என்று கேட்கிறார். எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று பிரிக்கமுடியவில்லை. வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து பாடினேன். குரல் துருப்பிடித்துத்தான் இருந்தது, ஆனாலும் குனிந்து பார்க்கிற இடத்தில் அந்த அம்மா தாழ்த்திய மாதிரியே தாழ்த்தினேன். அப்பாவின் கண் ஓரத்தில் நீர் இறங்கியது. உண்மையாகவே ரசித்துக் கேட்டார். அதை நான் மறுக்கமாட்டேன்.

பாட்டு முடிந்தது. அப்பா போர்வைக்குள்ளிருந்து ஒரு விரலைத் தூக்கினார்.

"இன்னொரு தடவ."

நான் ஈரத் துணியைப் பிழிந்து அவர் நெற்றியில் போட்டேன்.

"ஒரு தடவதான் அப்பா."

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கியது. விரலை மெல்ல மடக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்க அவருக்கு நாளும் இருக்கவில்லை.