சொருகாத மஞ்சள் முனை

மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று தலை உள்ள ஒரு வயர் எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே சுருண்டு கிடக்கிறது. ஒரு காலத்தில் டிவி இருந்த எல்லார் வீட்டிலும் இருந்ததுதான். வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு, மஞ்சள் படத்துக்கு. எங்கள் வயரில் வெள்ளையும் சிவப்பும் சொருகிச் சொருகிப் பளபளப்புப் போய்க் கறுத்துவிட்டன. மஞ்சள் மட்டும் கடையிலிருந்து வந்த மினுக்கு மாறாமல் இருக்கிறது. வீட்டை ஒழிக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் அதைக் கையில் எடுப்பார், என் முகத்தைப் பார்ப்பார், மறுபடி இருந்த இடத்திலேயே வைத்துவிடுவார்.

அது எங்கள் மாமாவுக்காக வாங்கிய வயர். மாமா என்றால் என் மாமனார். எரியோடு, வேடசந்தூர்ப் பக்கம் ஓடிய பஸ்களில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் வேலைக் குணம் போகவில்லை. வீட்டு வாசலில் யாராவது நின்று பேசினால், "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கெடக்கு" என்பார். கல்யாண வீட்டுப் பந்தியிலும் அவர்தான் ஆட்களை நகர்த்தி உட்கார வைப்பார். அத்தை அவருக்கு நேர் எதிர். பக்கத்தில் நின்று பேசினாலும் என்ன சொன்னார் என்று கேட்க வேண்டியிருக்கும். மாமா அதட்டுவதும், அத்தை மறுவார்த்தை பேசாமல் அதைச் செய்துவிட்டு உள்ளே போய்ச் சிரிப்பதும், வந்த புதிதில் எனக்குக் கோபமாக வரும். போகப்போக அந்த வீடு அப்படித்தான் ஓடுகிறது என்று புரிந்தது.

அந்த அத்தைக்குத்தான் அப்படி ஒரு குரல். அகரத்துப் பக்கம் அவர் பிறந்த ஊரில், பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம், பாடுபட்ட யேசு சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கிக் கோவிலுக்குள் கிடத்துவார்கள். பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து, செத்துப்போன பிள்ளையை மடியில் போட்டு மாதா அழுவதாக ஒப்பாரி வைப்பார்கள். வாக்கப்பட்டுப் போன பெண்கள்கூட அன்றைக்குப் பிறந்த ஊருக்கு வந்துவிடுவார்கள். அத்தைதான் எடுத்துப் பாடுவார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வருஷம் முழுக்கக் கேட்காத குரல் அன்றைக்கு மட்டும் கோவில் கூரை வரைக்கும் போகும். நான் முதல் தடவை கேட்டபோது, இது நம் அத்தைதானா என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன். முகம் தெரியவில்லை. சேலை முந்தானையை முக்காடாகப் போட்டுக் குனிந்திருந்தார். கோவிலுக்குள் பெண்கள் முக்காடு போடாமல் இருக்கிற வழக்கமில்லை.

எனக்குக் கல்யாணமாகும் முன்பே, வெளிநாட்டிலிருந்து சிலர் வந்து இந்த ஒப்பாரியைப் படம் எடுத்துப் போயிருந்தார்கள். பல தேசத்து அழுகைப் பாட்டுகளைச் சேர்த்து ஒரே படமாகச் செய்தார்களாம். போனவர்கள் போனதுதான், படத்தை அத்தை பார்த்ததே இல்லை. கேட்டால், "அழுகறதப் போயி யாரு பாப்பாங்க?" என்று பேச்சை மாற்றிவிடுவார். அந்தப் படத்தைப் பற்றி நாங்கள் நிஜமாகவே நினைக்கத் தொடங்கியது அத்தை இறந்த பிறகுதான். அவருக்கு ஒழுங்கான போட்டோ ஒன்றுகூட இல்லை. கேமராவைக் கண்டாலே முகம் இறுகிவிடும். ரேஷன் கார்டுக்கு எடுத்ததைப் பெரிதாக்கித்தான் மாலை போட்டிருந்தோம். அதில் யாரோ திட்டியதைக் கேட்டுக்கொண்டு நிற்பவர்போல இருந்தார். பாடும்போது இருந்த முகத்தை மாமா ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் அத்தைக்குப் பிறகு சாப்பாட்டைக்கூட அதட்டாமல் சாப்பிடப் பழகியிருந்தார். எனக்கு அதைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் கொழுந்தன் எப்படியோ அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துவிட்டார். பழைய பிலிமைத் துடைத்துச் சரிசெய்து எச்.டி. டிஸ்க்காக வெளியிட்டிருக்கிறார்கள். அந்த ஊர் டிஸ்க் நம் ஊர் மெஷினில் ஓடாது என்று பிளேயரையும் சேர்த்து வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார். வந்ததெல்லாம் சரி, வீட்டு டிவியோடு சேரவில்லை. எங்கள் டிவி அத்தை சீட்டு எடுத்து வாங்கிய பழைய டியூப் டிவி. தலையில் அவர் பின்னிய வெள்ளை விரிப்பைப் போட்டுக்கொண்டு, பின்பக்கம் ஒரு ஆள் படுக்கிற அகலத்துக்கு நீண்டிருக்கும். பிளேயரில் படத்துக்கு எச்.டி.எம்.ஐ. என்ற தட்டையான வாய் ஒன்றுதான். டிவியில் இருப்பதோ மூன்று வட்ட ஓட்டைகள். சத்தத்துக்கு வெள்ளையும் சிவப்பும் பிளேயரிலும் இருந்தன, மஞ்சளுக்கு மட்டும் இடமே இல்லை. அத்தை வாங்கிய டிவியை மாற்றுவது பற்றி மாமாவிடம் வாயைத் திறக்க முடியாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து டிவி மெக்கானிக்கிடம் கேட்டோம். புது வாயைப் பழைய வாயாக மாற்றித் தருகிற சின்னப் பெட்டி ஒன்றை, இந்த மூன்று தலை வயரோடு கொடுத்தார்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு எல்லாரையும் வரச் சொன்னேன். அத்தையின் தங்கை அகரத்திலிருந்து வந்திருந்தார். நான் அவரைச் சின்னத்தை என்பேன். மெக்கானிக்கே வந்து வயர்களைச் சொருகினார். பிளேயரைப் போட்டதும் நீலநிறத்தில் அதன் முகப்பு டிவியில் வந்தது. நான் கையைத் தட்டிவிட்டேன். டிஸ்க்கை உள்ளே தள்ளினோம். இரண்டு மூன்று நொடி சுற்றியது. பிறகு படம் அறுந்து, இந்த டிவியில் காட்ட அனுமதியில்லை என்கிற மாதிரி இங்கிலீஷில் ஒரு வரி வந்து, அதுவும் மறைந்து திரை கறுத்துப்போனது. மெக்கானிக் வயரைப் பிடுங்கிச் சொருகினார், பெட்டியைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் வெள்ளையும் சிவப்பும் நேராக டிவிக்குப் போயிருந்தன. அவர் குனிந்து குடைந்துகொண்டிருக்கும்போதே, கறுப்புத் திரையிலிருந்து அத்தையின் குரல் எழுந்தது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். சின்னத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். மாமா நாற்காலியின் கையைப் பிடித்தவர் பாட்டு முடியும்வரை விடவில்லை.

சாயங்காலம் கொழுந்தன் போனில் விளக்கினார். நல்ல படமாக இருப்பதால் யாரும் திருடிக் காப்பி எடுத்துவிடக் கூடாது என்று டிஸ்க்கில் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். பிளேயர் படத்தை வெளியே விடும் முன் எதிரே இருக்கும் டிவியிடம் சாவி கேட்கும். புது டிவியில் அந்தச் சாவி உண்டு, பழையதில் கிடையாது. நடுவில் வைத்த பெட்டியிடமும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பெண்டாட்டியைப் பார்க்க நினைக்கிற கிழவரையும் திருடனையும் ஒரே தராசில் வைப்பது என்ன நியாயம் என்று போனிலேயே கத்தினேன். வேறு பெட்டி வரவழைத்துப் பார்க்கலாம் என்று மெக்கானிக் சொன்னதையும் மாமாவிடம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ வெகுநாளைக்குப் பிறகு லேசாகச் சிரித்தார்.

"நம்ம திண்டுக்கல்காரனுக்கே பூட்டுப் போட்டுட்டானா? சரியாத்தான் பூட்டியிருக்கான். விடு தாயி."

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது ஒரு வழக்கமாகிவிட்டது. மாமா குளித்து, சட்டை மாற்றி, டிவி முன்னால் உட்காருவார். நான் வெள்ளையையும் சிவப்பையும் சொருகுவேன், மஞ்சள் முனை கீழே தொங்கிக்கொண்டிருக்கும். வெறும் திரையையே கண் எடுக்காமல் பார்ப்பார். பாட்டு முடிந்ததும், "செத்த நேரம் அப்பிடியே இருக்கட்டும்" என்பார். புது டிவி வாங்கிவிடலாம் என்று நானும் என் வீட்டுக்காரரும் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் பேசுவோம். மாமா பிடி கொடுக்க மாட்டார். பழைய டிவியை எடுக்க வேண்டாம், கூடவே இன்னொன்று வைக்கலாம் என்றேன். அதற்கும் வேண்டாம். ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஒங்களுக்கு அத்தையப் பாக்கணும்னு இல்லையா மாமா?" என்று கேட்டே விட்டேன். அவர் திரையைவிட்டுக் கண் எடுக்காமலே சொன்னார்:

"படம் வராட்டித்தான் அவ மொகம் வருது தாயி. படம் வந்துட்டா அதுவும் போயிரும்."

டிவியை விட மனமில்லாத மனிதர் சொல்கிற சாக்கு என்றுதான் நான் அதை எடுத்துக்கொண்டேன். பிடித்தால் உடும்புப்பிடி என்று என் வீட்டுக்காரரிடம் முணுமுணுத்தேன். போன தவக்காலத்துக்கு முந்திய தவக்காலத்தில் மாமா போய்ச் சேர்ந்தார். கொஞ்ச நாளில் பழைய டிவியும் உயிரை விட்டது. புது டிவி சுவரில் ஏறியது. மாமாவின் வருஷப் பூசைக்கு எல்லாரும் வந்திருந்தபோது, அவர் பார்க்காமல் போனதை நாமாவது பார்ப்போம் என்று நானே பிளேயரை எடுத்தேன். ஒரே வயர்தான். சொருகியதும் பூட்டும் சாவியும் சேர்ந்துகொண்டு படம் வந்தது.

அப்படி ஒரு துல்லியத்தை நான் பார்த்ததில்லை. கோவில் தரையில் கிடந்த செவ்வந்தி இதழைக்கூட எண்ணலாம். பெண்கள் வட்டமாகக் குனிந்திருந்தார்கள். குரல் எழுந்தது. கேமரா மெல்ல நகர்ந்து அத்தையை நோக்கி வந்தது. தாடை தெரிந்தது, மூக்குத்தி தெரிந்தது. இன்னும் கொஞ்சம் வந்தால் முழு முகமும் தெரிந்துவிடும். அப்போது அத்தை பாடிக்கொண்டே ஒரு பக்கமாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார். பாட்டை நிறுத்தாமல் கையை உயர்த்தி, முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டார். அதன் பிறகு கடைசிவரை சேலைதான் தெரிந்தது.

ஏன் அப்படிச் செய்தார் என்று யாரோ கேட்டார்கள். சின்னத்தை திரையைப் பார்த்தபடியே சொன்னார்:

"ஒங்க மாமாதான். கேமராக்காரன் பக்கத்துலயே நின்னாரு. அம்புட்டுப் பேரு பாக்குறாங்க, இழுத்து விடுன்னு கண்ணக் காட்டுனாரு. அவ என்னைக்கு அவரு பேச்சத் தட்டுனா?"

நான் அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன். டிஸ்க் வந்த நாளிலிருந்தே அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று மாமாவுக்குத் தெரியும். பெண்டாட்டியின் முகத்தை அவள் கையாலேயே மூட வைத்ததை, அத்தனை துல்லியமாக, எல்லார் முன்னாலும் உட்கார்ந்து பார்க்கச் சொல்லி நான்தான் வருஷக்கணக்கில் நச்சரித்திருக்கிறேன்.

இப்போதும் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நான் அந்த டிஸ்க்கைப் போடுகிறேன். புது டிவியில் அந்த வட்ட ஓட்டைகள் இல்லை. அதற்காகவே வாங்கிய சின்ன ஸ்பீக்கரில் வெள்ளையையும் சிவப்பையும் சொருகுகிறேன். டிவியைப் போடுவதில்லை. குரல் வந்ததும், அடுப்படி வாசலில் முக்காடில்லாமல் உட்கார்ந்து, மாமாவின் அதட்டலுக்கு உள்ளுக்குள் சிரிக்கிற அத்தை வருகிறார். பாட்டு முடிந்தாலும் செத்த நேரம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். மஞ்சள் முனை கீழே தொங்கிக்கொண்டிருக்கிறது.