உதறும் ஸ்டீயரிங்

டயரைக் கையால் தடவியே பழுதைச் சொல்லிவிடுவார் என்றுதான் அப்பாவின் பட்டறைக்கு வண்டிகள் வரும். இந்த ஜீப்பின் முன்டயர்கள் உள்விளிம்பில் மட்டும் தேய்ந்திருந்தன. அலைன்மென்டைச் சரிசெய்தார். அப்படியும் ஓட்டிப் பார்த்தபோது ஸ்டீயரிங் உதறியது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்ப்பார். டயர்களை மாற்றினார், பிறகு பேரிங்கை. உதறல் போகவில்லை.

"பேய் பிடிச்ச வண்டிப்பா. நான் ஓட்டிப் பார்க்கட்டா?" என்றாள் மகள்.

"இன்ஜினியரம்மா சொன்னா அப்பீல் ஏது? ஓட்டுங்க."

நெடுஞ்சாலையில் எவ்வளவு விரட்டியும் ஸ்டீயரிங் அசையவே இல்லை.

"சரியாயிடுச்சேப்பா!" என்று சிரித்தபடி பக்கத்து இருக்கைப் பக்கம் திரும்பினாள்.

அப்பாவின் வலது கை மடியில் தானாக உதறிக்கொண்டிருந்தது. இடது கையால் அதை அழுத்திப் பிடித்தார். நிற்கவில்லை.

"கடைசியா ஆளை மாத்தினோம், பழுது தெரிஞ்சிடுச்சு," என்றார். "நாளைக்குப் பட்டறையைத் திறக்க வேண்டாம்மா."